மீசை ராத்திரி ஷிப்டு பார்த்த பேக்கரி

இரவு பதினொன்றேகால். தனக்குக் குறட்டையே வராது என்று சாதிப்பவள் அத்தை. அவள் அறைக்கு வெளியே நின்ற வாலுவுக்கு உள்ளே யாரோ மரம் அறுக்கும் சத்தம் நன்றாகக் கேட்டது. மூன்று தடவை தட்டினாள். மரம் அறுப்பது நின்றது.

"யாரு?"

"நான்தான் அத்தை. தூங்கிட்டீங்களா?"

"தூங்கிட்டேன். போ."

"அத்தை, நான் செத்தேன்."

"செத்தவ கதவைத் தட்டமாட்டா. காலைல வா."

காலைவரை தாங்குகிற நிலையில் வாலு இல்லை. கதவைத் தள்ளிக்கொண்டு போய்க் கட்டிலில் உட்கார்ந்தாள். இருட்டில் அத்தையின் கால்மேலேயே உட்கார்ந்துவிட்டாள். கையிலிருந்த போன் வெளிச்சத்தில் அவள் முகம் சுண்ணாம்பு பூசினாற்போல் இருந்தது. பதினாறு வயதில் இதுவரை அவள் பயந்ததெல்லாம் கணக்குப் பரீட்சைக்கு மட்டும்தான்.

"பேக்கரி ஆன்ட்டிய ஊருக்கே காட்டிக் குடுத்துட்டேன், அத்தை."

அத்தை விருட்டென்று எழுந்து கண்ணாடியைத் தேடி மாட்டினாள். கொலை செய்துவிட்டேன் என்றிருந்தால்கூட அந்த வீட்டில் 'யாரை?' என்று நிதானமாகக் கேட்பார்கள். வாடிக்கையாளரைக் காட்டிக்கொடுத்துவிட்டேன் என்றால் அது வேறு கதை.

காரணம், வாலுவின் அப்பா பூச்சி மருந்து அடிப்பவர். அந்தத் தொழிலில் பாதி மருந்து, மீதி வாய்ப்பூட்டு. தன் வீட்டில் கரப்பான்பூச்சி இருக்கிறது என்று ஊருக்குத் தெரிவதை எந்த மனிதரும் விரும்புவதில்லை. அதனால் அப்பாவின் வெள்ளை வேனில் பெயர் கிடையாது, படம் கிடையாது. வேலைக்குப் போகும் வீட்டு வாசலில் அவர் வண்டியை நிறுத்தமாட்டார், அடுத்த தெருவில்தான். மருந்து பம்பைக் கித்தார் பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு போவார். அவர் போய்வந்த வீடுகளில் எல்லாம் யாரோ சங்கீதம் கற்றுக்கொள்கிறார்கள் என்றே அக்கம்பக்கம் நம்பியது. போன் எடுக்கும் அத்தையிடம் வாடிக்கையாளர்கள் கிசுகிசுப்பாகத்தான் பேசுவார்கள். "அதுங்க இருக்குங்க" என்பார்கள். எதுங்க என்று அத்தை கேட்டதே இல்லை.

இப்படிப்பட்ட தொழிலுக்கு விளம்பரம் எப்படிச் செய்வது? கம்பெனிக்கு என்று சமூக வலைத்தளத்தில் ஒரு பக்கம் இருந்தது. அதில் அப்பாவின் பாஸ்போர்ட் சைஸ் முகமும், 'தரமான சேவை, உத்தரவாதம் உண்டு' என்ற வரியும் இருந்தன. பின்தொடர்ந்தவர்கள் நாற்பத்து மூன்று பேர். அதில் பத்தொன்பது பேர் சொந்தக்காரர்கள். ஒரு வாடிக்கையாளர்கூட அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. படுத்தால் தன் வீட்டு ரகசியம் வெளியே வந்துவிடுமே! ஆறு வருடத்தில் வந்த ஒரே பாராட்டுரை அத்தை எழுதியது: 'மிகவும் நல்ல மனிதர். என் தம்பி.'

பள்ளி விடுமுறையில் சும்மா இருக்கிறாளே என்று பக்கத்தை வாலுவிடம் கொடுத்தார்கள். அவள் ஒருநாள் முழுக்க யோசித்தாள். ஆள் யாரும் பேசமாட்டார்கள். சரி, பூச்சி பேசட்டும். விளையாட்டுச் சாமான் கடையிலிருந்து நீள மீசை வைத்த பிளாஸ்டிக் கரப்பான்பூச்சி ஒன்று வாங்கிவந்தாள். பெயர் மீசை. அதைத் தங்கள் வீட்டு அடுப்பு மேடையில் உட்காரவைத்துப் படமெடுத்து, அடியில் எழுதினாள்: 'எல்லா ரூம்லயும் லைட்டு எரியுது. கல்யாண வீடா இது?'

மறுநாள்: 'நடுராத்திரில ஃபிரிட்ஜ திறந்து என்னத்த தேடுற? பகல்ல வெச்சது ராத்திரி குட்டியா போடும்?'

அதற்கு மறுநாள்: 'சிங்க்ல தட்ட ஊறப் போட்டிருக்கீங்களே, முளைக்கட்டும்னா?'

எல்லாப் பதிவும் இரவு பதினொரு மணிக்குத்தான் போகும். அந்த நேரத்தில்தான் மனிதர்கள் தண்ணீர் குடிக்கச் சமையலறைக்கு வந்து விளக்கைப் போடுவார்கள், மீசையின் இனத்தாரை நேருக்கு நேர் பார்ப்பார்கள். பத்தே நாளில் நாற்பத்து மூன்று என்ற எண் காணாமல் போனது. ஒரு மாதத்தில் ஊரே மீசையிடம் திட்டு வாங்கிவிட்டுத்தான் தூங்கப் போனது. அதோடு, போனில் கிசுகிசுத்தவர்களுக்குக் கடைசியாக ஒரு வார்த்தை கிடைத்துவிட்டது. "எங்க வீட்டுக்கும் ஒரு மீசை வந்திருக்காரு" என்று சிரித்துக்கொண்டே சொன்னார்கள். அத்தையின் நோட்டில் இடம் போதவில்லை. அப்பா காரணம் கேட்கவில்லை. இந்த வருடம் பூச்சி அதிகம் என்று நினைத்துக்கொண்டார்.

இவ்வளவும் அத்தைக்குத் தெரியும். தெரியாதது இன்று நடந்ததுதான்.

"நேத்து மத்தியானம் அப்பாவோட டார்ச் புடிக்க பேக்கரிக்குப் போனேன்ல? அப்பா மாவு மூட்டைக்குப் பின்னாடி குனிஞ்சிருந்தாரு. நான் மீசைய ஸ்டீல் மேசை மேல வெச்சு ஒரு படம் எடுத்தேன். எப்பவும் மூணு தடவை பாப்பேன் அத்தை. சுவத்துல காலண்டர் இருக்கா, ஜன்னல்ல தெரு தெரியுதான்னு. எல்லாம் பாத்தேன்."

"அப்புறம்?"

"பின்னாடி ஒரு ட்ரே சாச்சு வெச்சிருந்துச்சு. பளபளன்னு. கேக் டப்பா எல்லாம் எனக்கு முதுகுப் பக்கம் கவுத்து அடுக்கி இருந்துச்சு. அது ட்ரேல தெரியுது. கடைப் பேரோட. தலைகீழா."

"தலைகீழா இருக்கறத எவன் படிக்கப் போறான்?"

"பதினோரு நிமிஷத்துல படிச்சுட்டாங்க."

அத்தை போனை வாங்கினாள். வாலு பதிவை உடனே அழித்திருந்தாள். ஆனால் அழிப்பதற்குள் நூறு பேர் எடுத்துவைத்துவிட்டார்கள். படத்தைத் திருப்பி, பெரிதாக்கி, கடைப் பெயரைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, ஊர் முழுக்க அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? படத்துக்கு அடியில் மீசையின் வசனம் இருந்தது: 'இங்க எல்லாரும் நல்லா தூங்குறாங்க. ராத்திரி ஷிப்டு என்னுது.'

"அடிப்பாவி" என்றாள் அத்தை மெதுவாக. "அந்தக் கடைல பூச்சியே இல்லையேடி இப்ப?"

"இல்ல. அப்பா பூச்சி பிடிக்க வெச்ச ஒட்டு அட்டை எல்லாம் காலி. நேத்து நானே பாத்தேன்."

"இல்லாத பூச்சிக்கு ஷிப்டு போட்டுக் குடுத்திருக்க."

வாலு அழ ஆரம்பித்தாள். அத்தை முந்தானையால் அவள் மூக்கைத் துடைத்துவிட்டு எழுந்தாள். "வா. உங்கப்பன எழுப்பலாம்."

"ஐயோ, வேணாம் அத்தை! நாளைக்குள்ள மறந்துருவாங்க அத்தை!"

"ஊரு மறக்கும். அந்தம்மா மறக்குமா? நட."

அம்மா ஆஸ்பத்திரியில் இரவு வேலைக்குப் போயிருந்தாள். அப்பா தனியாகக் கட்டிலில் கால் நீட்டிப் படுத்திருந்தார். எழுப்பி, விஷயத்தைச் சொல்லாமல், அத்தை போனை மட்டும் அவர் கையில் கொடுத்தாள். "முதல்ல இருந்து படி" என்றாள்.

அப்பா படித்தார். மருந்து பாட்டிலின் பின்பக்கச் சீட்டைப் படிப்பதுபோல், ஒரு எழுத்து விடாமல், உதட்டை அசைத்துப் படித்தார். லைட்டு. ஃபிரிட்ஜு. சிங்க். குழாயை மூடாமல் போனது யாரு, நான் என்ன ஆறு கட்டியா வெச்சிருக்கேன். பத்தாவது பதிவில் தலை நிமிர்ந்தார்.

"இதெல்லாம் நான் பேசுனதாச்சே."

"ஆமாப்பா."

"கரப்பான்பூச்சி வாயில."

"ஆமாப்பா."

அத்தை சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது.

"அக்கா, உனக்குத் தெரியுமா இது?"

"மூணாவது நாளே தெரியும். லைட்டு, குழாய்னு இந்த வீட்டுல வேற யாரு ஒப்பாரி வெக்கறா? உன் பொண்டாட்டிக்கும் தெரியும். வார்டுல எல்லாருக்கும் படிச்சுக் காட்டுறாளாம்."

அப்பாவின் மீசை ஒருபக்கமாக இழுபட்டது. கோபமா சிரிப்பா என்று வாலு தீர்மானிப்பதற்குள், யாரோ அனுப்பியிருந்த சிவப்பு வட்டப் படத்துக்கு அவர் விரல் வந்துவிட்டது. மீசை பழையபடி நேரானது.

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் வாலுவுக்கு மூச்சாவது வந்திருக்கும். எழுந்து போய் முகம் கழுவிவிட்டுச் சட்டையை மாட்டினார்.

"எங்கப்பா போறீங்க?"

"அந்தம்மா ரெண்டரைக்கு அடுப்பு மூட்டுவாங்க. அதுக்கு முன்னாடி நான் வாசல்ல நிக்கணும். வேற யாராவது சொல்லித் தெரிஞ்சா நான் மனுசனே இல்ல."

"நானும் வரேன்."

"பின்ன? நீ இல்லாம யாரு வருவா?"

அன்று வேனை அடுத்த தெருவில் நிறுத்தவில்லை. இனி ஒளித்து ஆகவேண்டியது ஒன்றுமில்லை. கடை வாசலில் விளக்கு ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தது. பேக்கரிக்காரம்மா கதவு நிலையில் சாய்ந்து, இரண்டு கையையும் கட்டிக்கொண்டு, இவர்களுக்காகவே காத்திருந்தவள்போல் நின்றாள். தலையில் வலை, முன்னால் மாவு படிந்த ஏப்ரன். அடுப்பு மூட்டியிருக்கவில்லை.

"வாங்க மருந்துக்காரரே. மீசையையும் கூட்டிட்டு வந்தீங்களா, இல்ல அவருக்கு இன்னிக்கு லீவா?"

"தெரிஞ்சுருச்சா?"

"நானும் தினம் பதினோரு மணிக்கு மீசையப் படிச்சுட்டுத்தான் தூங்குவேன். இன்னிக்குப் படிச்சேன், தூங்கல." அவள் போனைத் தூக்கிக் காட்டினாள். "கேக்குல மீசை போடுவீங்களா, தனியா தருவீங்களான்னு கேக்கறாங்க. முட்டை போடாத மீசை கிடைக்குமான்னு ஒருத்தன். பேரு தலைகீழா இருந்தாலும் ஊரு நேரா படிச்சுருச்சுங்க."

அப்பா கையைப் பிசைந்தார். "தப்பு எங்க கம்பெனியோடது. நாலு சுவத்துக்குள்ள இருக்க வேண்டியத வெளிய விட்டுட்டோம். நீங்க என்ன சொல்றீங்களோ செய்றேன்."

கம்பெனி என்றாரே தவிர மகள் என்று சொல்லவில்லை. வாலுவுக்கு அது அடியைவிட வலித்தது. ஒரு அடி முன்னால் வந்தாள். "ஆன்ட்டி, அப்பாக்குத் தெரியவே தெரியாது. படம் எடுத்தது நான். மீசைய எழுதுறதும் நான்தான்."

பேக்கரிக்காரம்மா அவளைத் தலைமுதல் கால்வரை பார்த்தாள். "நீயா? யாரோ வேலை வெட்டி இல்லாத பெருசுன்னு நெனச்சேன். அப்படி ஒரு நச்சரிப்பு."

அப்பா இருமினார்.

"சரி. ரெண்டு பேரும் கேளுங்க" என்றாள் பேக்கரிக்காரம்மா. "இருக்குன்னு ஊருக்குச் சொன்ன வாயால இல்லன்னும் சொல்லணும். இப்பவே. ரொட்டி வாங்க ஆள் வர்றதுக்கு முன்னாடி."

வாடிக்கையாளர் பெயரை அப்பா இதுவரை சொந்தப் பெண்டாட்டியிடம்கூடச் சொன்னதில்லை. "உங்க கடைப் பேர நான் வாயால சொல்லணுமா?"

"நேத்து மீசை சொல்லிட்டாரே. இன்னிக்கு நீங்க சொன்னா கொறைஞ்சா போயிருவீங்க?"

உள்ளே போனார்கள். மேசைக்கடியில், மாவு அலமாரிக்குப் பின்னால், தண்ணீர்க் குழாய் ஓரத்தில் என்று அப்பா மூன்று வாரத்துக்கு முன் வைத்த ஆறு ஒட்டு அட்டைகளும் அப்படியே இருந்தன. ஒவ்வொன்றின் மூலையிலும் அவர் கையெழுத்தில் தேதி. பசையில் மாவுத்தூசியும் ஒரு தலைமுடியும் தவிர எதுவும் இல்லை. வாலு போனைப் பிடித்தாள்.

"வணக்கம். நாங்கள் தரமான சேவை வழங்கும்..." என்று ஆரம்பித்தார் அப்பா. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. மறுபடி எடுத்தார்கள். இந்தத் தடவை கண் சிமிட்டவே மறந்துவிட்டார். ஐந்தாவது தடவை பேக்கரிக்காரம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "இவரப் பாத்தா இவரே பூச்சிய முழுங்கிட்ட மாதிரி இருக்கு."

"அப்பா" என்றாள் வாலு. "யாரும் இல்லாத ரூம்ல லைட்டு எரியுது. அத நெனச்சுட்டுப் பேசுங்க."

அப்பாவின் முகம் மாறியது. கடைப் பெயரைச் சொல்லி, அட்டையைக் கேமராவுக்கு நேராக ஆட்டினார். "இந்தாங்க, பாருங்க. மூணு வாரமா ஆறு அட்டை வெச்சிருக்கேன். ஒண்ணாவது மாட்டிருக்கா? பசைதான் வீணாப் போச்சு! படத்துல இருந்தது பிளாஸ்டிக்கு. எங்க வீட்டுப் பொண்ணு கொண்டு வந்து வெச்சது. உயிருள்ள மீசை இந்த பேக்கரிக்குள்ள வந்தா, திங்க ஒரு துணுக்கு கிடைக்காம வெளிய போயிரும். தப்பு எங்களுது. இந்தம்மாளுது இல்ல. தெரியாம ஆளாளுக்கு வட்டம் போட்டுட்டு அலையாதீங்க!"

"இதான்" என்றாள் பேக்கரிக்காரம்மா. அடுப்பை மூட்டப் போனாள்.

ஊர் கண் விழிக்கும் காலை ஆறு மணிக்கு வீடியோ போனது. மீசை பதிவு ஒன்று முதன்முதலாக விடிந்த பிறகு போனது அன்றுதான். 'ஐயா குரல் அப்படியே மீசை மாதிரி இருக்கே' என்று நிறையப் பேர் எழுதினார்கள். சிரித்தார்கள். ஆனால் தப்பைப் பார்த்தவர்களில் பாதிப் பேர்கூட மன்னிப்பைப் பார்க்கவில்லை. வாலு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எண்ணைப் பார்த்தாள். அது ஆமை மாதிரி ஏறியது. எட்டு மணிக்கு அலமாரியில் பாதி ரொட்டி மிச்சம். இரண்டு பிறந்தநாள் கேக் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஒன்பது மணிக்குப் கல்லூரி கேன்டீனிலிருந்து போன். தினம் இருநூறு பன் வாங்குகிறவர்கள். நேரில் வந்து பார்க்காமல் இனி ஒரு பன்கூட வாங்கமாட்டார்களாம்.

அப்பா உடனே சட்டைக் கையை மடித்தார். "நான் கூட நின்னு எல்லாத்தையும் காட்டுறேன்."

"நீங்க வேணாம்" என்றாள் பேக்கரிக்காரம்மா. "மருந்துக்காரர் பக்கத்துல நின்னா இல்லாத பூச்சியும் இருக்கற மாதிரி தெரியும். பொண்ண விட்டுட்டுப் போங்க. ஊருக்குச் சொன்னவளே பதில் சொல்லட்டும்."

போனுக்குப் பின்னாலிருந்து வாலு ஊரையே திட்டியிருக்கிறாள். நேரில் கடைக்காரரிடம் மீதிச் சில்லறை கேட்கவே அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

"எனக்குப் பேச வராது, ஆன்ட்டி."

"மீசைக்கு வருதே. இந்தா, தலைல வலைய மாட்டு."

கேன்டீன் நடத்துகிறவள் உயரமான பெண். முகத்தில் சிரிப்பின் அடையாளமே இல்லை. கூடவே ஒரு சமையற்காரர், கையில் டார்ச். உள்ளே வந்ததும் மேசைக்கடியில் விரலை விட்டுத் தடவி முகர்ந்து பார்த்தாள்.

"அங்க... அங்க தெனமும் தொடைப்பாங்க" என்றாள் வாலு. அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"என்ன?"

"தெனமும் தொடைப்பாங்கன்னேன். அலமாரிய நகத்தலாம். சக்கரம் இருக்கு. பின்னாடி பாருங்க."

நகர்த்தினார்கள். பார்த்தார்கள். குழாய் சுவருக்குள் போகும் ஓட்டையைச் சமையற்காரர் டார்ச்சால் குடைந்தார்.

"இந்த வழியா வராதா?"

"வரும். எல்லா வீட்டுலயும் அந்த வழியாத்தான் வரும்" என்று வாலுவின் வாய் தானாகச் சொன்னது. டார்ச் பிடித்துப் பிடித்துக் கற்றது. "அதான் அப்பா சிமென்ட் வெச்சு அடைச்சிருக்காரு. விரல விட்டுப் பாருங்க. உங்க கேன்டீன்ல அடைச்சிருக்கா?"

கேட்டபிறகுதான் கேட்டது உறைத்தது. பேக்கரிக்காரம்மா அடுப்புப் பக்கம் சட்டென்று திரும்பிக்கொண்டாள். சமையற்காரர் தன் முதலாளியைப் பார்த்தார். முதலாளி கூரையைப் பார்த்தாள்.

"அடைக்கல" என்றாள் கடைசியில். "ஆமா, அந்த மீசைய எழுதுறவங்க யாரு?"

வாலு தொண்டையைச் செருமினாள். "நான்தான். இங்க நான் வெச்சது பிளாஸ்டிக்கு. ஒரு கடைப் பேர கெடுத்துட்டேன். எனக்கு ராத்திரில இருந்து வயித்த வலிக்குது. நீங்க பன் வாங்கலன்னா இன்னும் வலிக்கும்."

உயரமான பெண் ட்ரேயிலிருந்து சூடாக ஒரு பன்னை எடுத்து, இரண்டாகப் பிட்டு, உள்ளே உற்றுப் பார்த்துவிட்டு, ஒரு பாதியைத் தின்றாள். மறு பாதியைச் சமையற்காரரிடம் கொடுத்தாள்.

"எப்பவும் போல இருநூறு" என்று பேக்கரிக்காரம்மாவிடம் சொல்லிவிட்டு, வாசல்வரை போய்த் திரும்பி வந்து, வாலுவின் காதருகே குனிந்தாள். "உங்கப்பா நம்பர் குடு. யார்கிட்டயும் சொல்லிறாத."

அவர்கள் போனதும் வாலு மாவு மூட்டைமேல் தொப்பென்று உட்கார்ந்தாள். பேக்கரிக்காரம்மா அடுத்த ட்ரேயை அடுப்பில் தள்ளி, கதவைச் சாத்தினாள்.

"சாயங்காலம் ஆஸ்பத்திரி கேன்டீன்காரங்க வர்றாங்க. நாளைக்குக் காலைல ரெண்டு பிறந்தநாள்காரங்க. அப்புறம் எதிர்வீட்டுக்காரம்மா."

"எல்லாருக்கும் நானே காட்டணுமா?"

"நீ மொத்தம் எத்தனை பேருக்குச் சொன்ன?"

வாலு போனில் பின்தொடர்பவர்கள் எண்ணைப் பார்த்தாள். "அறுபத்தோராயிரத்து சொச்சம்."

"அப்ப எந்திரி" என்றாள் பேக்கரிக்காரம்மா. "மொதல்ல அந்த அலமாரிய பழையபடி தள்ளி வை."